அப்பா கேட்காத மீதி

மாசி பதினெட்டு, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐம்பது. நல்ல வெயில், நிழலில் நின்றால் மட்டும் குளிர் கடித்தது. நேரம் சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், தேயிலைத் தோட்டத்து அலுவலகமான கந்தோரின் சுவர் மணிக்கூட்டை அப்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது எழுபத்திரண்டு.

என் வயதுக்காரர்களே, காமன் கூத்து என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் மலையில் பிறந்து, மாசிப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள்தாம். ஆனால் இதைப் படிக்கப்போகும் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். ஈசன் தவத்தில் இருக்கிறார். தவத்தைக் கலைக்க மதனைத் தேவர்கள் அனுப்புகிறார்கள். போகவேண்டாம், கெட்ட கனாக் கண்டேன் என்று மனைவி ரதி கெஞ்சுகிறாள். என் அம்புக்குத் தப்பியவன் எவனும் இல்லை என்ற இறுமாப்பில் மதன் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, மதன் சாம்பல். விடியும்வரை ரதி அழுகிறாள். அவ்வளவுதான் கதை. எங்கள் தோட்டத்தில் இதைப் பழக்கியவர் என் அப்பா.

அப்பா கணக்கப்பிள்ளை. பகலெல்லாம் மலையில் கொழுந்துக்காரர்கள் பின்னால் நிற்பவர், தை பிறந்தால் மாலையில் கூத்து வாத்தியார். பிள்ளைக்காம்பராவில்தான் பழக்கம் நடக்கும். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை அது. ஏணைச் சேலைகளைச் சுருட்டிக் கூரை வளையில் செருகிவிட்டு ஆட இடம் செய்வார்கள். பால் புளித்த வாசனையும் மூத்திர வாசனையும் போகாத அந்த அறையில், ரதி கனாச் சொல்லும் கட்டத்தை அப்பா முப்பத்தெட்டு மாலைகள் பழக்கினார். ரதி கனாவைத் தொடங்குவாள். பாதியில் மதன் உள்ளங்கையை நீட்டி அவள் வாயைப் பொத்துவான். மீதியைக் கேட்கமாட்டான். அந்தக் கையை எப்படி நீட்டவேண்டும் என்று அப்பா திரும்பத் திரும்பச் செய்துகாட்டுவார். "அடிக்கிற மாதிரி நீட்டாதீங்க. பயந்தவன் நீட்டுற மாதிரி நீட்டுங்க" என்பார்.

மதனாக வந்தவர் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்தவர். ரதியாக வந்தவர் என் அத்தை மகன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது; மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. ஆனால் சேலை கட்டி, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் செய்த ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியும் போட்டு நின்றால், சொந்தத் தாயே ஒரு கணம் தயங்குவாள். குரல் அப்படி. எனக்கும் பெண் வேசம்தான், ரதியின் தோழி. எனக்கு நான்கு வரி. மீதி நேரமெல்லாம் ரதிக்குப் பின்னால் விசிறியோடு நிற்கவேண்டும். நின்றேன். நின்றபடி ரதியின் பாட்டு இருபத்திரண்டையும் மனப்பாடம் செய்தேன். அந்த வேசம் எனக்கு வேண்டும். பசி போல வேண்டும் என்றிருந்தது. ராத்திரி கம்பளிக்குள் உதட்டை மட்டும் அசைத்து முழுவதையும் பாடி முடித்துவிட்டுத்தான் தூங்குவேன். ஒருநாள் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

அப்பாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. நுவரெலியா பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் அந்த வருடம் ரதிக்குப் பட்டுச்சேலை அன்பளிப்புச் செய்திருந்தார். கடைசி ராத்திரி நேரில் வந்து பார்ப்பதாகவும், பிடித்துப்போனால் டவுன் கோயில் திருவிழாவில் மேடை போட்டு, மைக்கும் மின்விளக்கும் வைத்து ஆடவிடுவதாகவும் சொல்லியிருந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு அப்பால் தன் கூத்து போனதே இல்லை என்பது அப்பாவின் ஆறாத குறை. அந்தச் சேதி வந்த பிறகு அவர் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அத்தை, அதாவது அத்தானின் அம்மா, என் அப்பாவின் ஒரே தங்கை. புருசனை இழந்தவர். எங்களுக்கு இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்தார். கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றிய மறுநாள் மலையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். நெஞ்சுச்சளி என்று தோட்டத்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறியில் ஏற்றும்போது அத்தானின் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்து, முடிச்சை இறுக்கிவிட்டார். "என்னையப் பாக்க வர்றேன்னு எல்லையத் தாண்டிராத. சாமி குத்தம்" என்றார்.

ஏனென்றால் வாத்தியார், மதன், ரதி மூவருக்கும் காப்புக் கட்டியாயிற்று. காமனை எரித்துக் காப்பு அவிழ்க்கும்வரை அவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. சாவுத் தீட்டும் படக்கூடாது. பட்டால் கூத்து நின்றுவிடும். ஊன்றிய காமன் எரியாமல் நின்றால் தோட்டத்துக்கே ஆகாது என்று எல்லோரும் நம்பினோம். ஆனால் அதற்குள்ளேயே ஒரு வழியும் வைத்திருந்தோம். தீட்டு என்பது செத்த நேரத்தில் தொடங்குவதில்லை. செய்தி காதில் விழுந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. அதனால் காப்புக் கட்டியவர்களிடம் அந்தப் பதின்மூன்று நாளும் யாரும் எந்தச் சாவையும் சொல்வதில்லை. இந்தியாவிலிருந்து கருப்புக்கரை போட்ட கடிதம் வந்தால்கூட மடித்து வைத்துவிடுவார்கள்.

அத்தானோ எல்லையைத் தாண்டவில்லையே தவிர, பஸ்ஸில் வந்திறங்கும் ஒருவரையும் விடமாட்டார். "டவுனுக்குப் போனீங்களா? ஆசுபத்திரிப் பக்கம் போனீங்களா? எங்கம்மா எந்திரிச்சு உக்காந்திருக்கா?" என்பார். பாதிப்பேர் போகாமலே, உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இனி அந்த மணிக்கூட்டுக்கு வருகிறேன். அன்றுதான் கூத்தின் கடைசி ராத்திரி. ஒட்டியாணத்துக்கு இன்னும் ஈயத்தாள் வேண்டுமென்று அப்பா என்னை ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார். காப்பு இல்லாத நான் எங்கும் போகலாம். தாளோடு திரும்பும்போது கந்தோர் ஜன்னலிலிருந்து பெரிய கிளாக்கர் கைதட்டிக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சனிக்கிழமை அரைநாள், ஹற்றனுக்கு பஸ் பிடிக்கத் தோல் பையோடு தயாராக இருந்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தது. உன்ர அத்தைக்குக் கடுமையாம். மகனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாவாம். இண்டைக்கே அனுப்பச் சொல்லு. அப்பாட்ட ஓடிப்போய்ச் சொல்லு."

ஓடினேன். கந்தோரிலிருந்து நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தேயிலைக்குள்ளால் ஒரு குறுக்குப்பாதை, நூற்று அறுபது படி. முதல் ஐம்பது படியை ஓடித்தான் ஏறினேன். அப்போது மனதுக்குள் ஒன்று துள்ளியது. அத்தான் போய்விட்டால் ரதி யார்? பாட்டு இருபத்திரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் துள்ளல் இருபது படிவரை நீடித்தது. அதன் பிறகு அறிவு வேலை செய்தது. உயரம் போதாத பையனுக்குப் பட்டுச்சேலை கட்டி முதலாளி முன்னால் அப்பா நிறுத்தமாட்டார். கூத்து நின்றுபோகும். டவுன் மேடை போகும். அடுத்த வருசமும் போகும். நூறாவது படிக்கு மேல் நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். கடைசிப் படிகளில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பா பிள்ளைக்காம்பராவில் சிரட்டைகளை வரிசையாக வைத்து அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் பட்டுச்சேலையை மடிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

"அப்பா, கிளாக்கரய்யா சொன்னாரு. ஆசுபத்திரியில இருந்து போன் வந்துச்சாம். அத்தைக்கு..."

அவர் எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். முப்பத்தெட்டு மாலை செய்துகாட்டிய அதே கை.

"சொல்லாத. எங்காதுல போடாத. விடியட்டும்" என்றார்.

அம்மா சேலைமேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒன்றையே நினைத்தார்கள், அத்தை போய்விட்டார் என்று. போனவருக்கு ஒரு ராத்திரி பொறுத்துப் போனாலும் ஒன்றுதான் என்று அப்பா அந்தக் கணத்திலேயே தனக்குள் தீர்ப்பு எழுதியிருக்கவேண்டும். நான் சொல்லவந்தது சாவு அல்ல. நோய்க்குத் தீட்டு இல்லை. எல்லை தாண்டுவதற்கு வேண்டுமானால் பெரியவர்கள் கூடிப் பரிகாரம் பேசியிருப்பார்கள். தாய் கூப்பிடுகிறாள் என்றால் யார் மறிப்பார்கள்?

அப்பா கையை எடுத்தார். என் உதட்டில் மஞ்சள் அரிதாரம், கசப்பும் கல்லுமாக. இனி என் வாயை யாரும் பொத்தியிருக்கவில்லை. உயிரோடு இருக்காங்க. இரண்டு சொல் போதும். நான் உதட்டை நக்கிவிட்டு ஈயத்தாளை நீட்டினேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு போய்ச் சிரட்டை முன்னால் குந்தினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். குழம்பு வழிந்து தரையெல்லாம் மஞ்சளாக ஓடியது. தங்கைக்காக அழக்கூட அவர் தன்னை விடவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. அன்று, கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அத்தானிடம் சொல்லாதே என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தன் காதில் போடாதே என்றுதான் சொன்னார். அத்தான் அப்போது மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டிருந்தார், என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு ஒப்பாரிப் பாட்டை வேகமாக, வேடிக்கையாகப் பாடிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம், நுவரெலியாவுக்குப் போக இறங்கவேண்டிய நானுஓயாப் பக்கம் இரண்டு கோச்சி போயின. ஒன்று மூன்று மணிக்கு முன்னே, இன்னொன்று இருட்டுவதற்கு முன்னே. வட்டகொடை ஸ்டேஷனில் நின்று கிளம்பும்போது அது ஊதுவது எங்கள் லயம்வரை கேட்கும். இரண்டாவது ஊதியபோது, இனிச் சொல்லியும் பயனில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குள் அம்மாவின் வாயிலிருந்து லயத்துப் பெண்களுக்குச் சேதி போய்விட்டது. அத்தை இறந்துவிட்டதாக எல்லோரும் அறிந்தார்கள். அத்தானுக்குத் தெரியக்கூடாது என்பதையும் யாரும் சொல்லாமலே அறிந்தார்கள். தாய் உயிரோடிருந்து மகனைக் கேட்கிறாள் என்பதை அறிந்தவர்கள் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருவர் ஹற்றன் பஸ்ஸில் போய்விட்டார்.

முதலாளி ஏழரைக்குக் காரில் வந்தார். அப்பா மாலை போட்டு, துரை வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் உட்காரவைத்தார். கூத்து ஒன்பதுக்குத் தொடங்கியது. கோமாளி வந்தான், தேவர்கள் வந்தார்கள். பத்தரைக்கு டிரைவர் முதலாளியின் காதில் குனிந்தார். பனி இறங்கினால் றதல்லை வளைவுகளில் கார் ஓட்ட முடியாதாம். முதலாளி கும்பிட்டு, "பிரமாதம், ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். ரதி மேடைக்கு வந்தபோது மணி பதினொன்று. அந்த நாற்காலியில் எங்கள் தோட்டத்து நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

அத்தான் அன்று பாடியதைப் போல நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மதனைச் சாம்பலாக்கிய பிறகு ரதி தலைவிரித்து உட்கார்ந்து முதல் ஒப்பாரியை எடுத்ததும் பெண்கள் பக்கம் உடைந்தது. வழக்கமாக மூக்கைச் சிந்துவார்கள், அவ்வளவுதான். அன்று மாரில் அடித்துக்கொண்டார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று எண்ணினேன், முப்பத்தொரு பேர். என் அம்மா கூட்டத்தை விட்டு எழுந்து தேயிலைக்குள் போய்விட்டார்.

இரண்டு பாட்டுக்கு நடுவில் திரைக்குப் பின்னால் அத்தானுக்கு நான்தான் குடிக்கப் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தேன். வேர்வையில் அரிதாரம் கோடுகோடாக வழிந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னா மாப்ள, இந்த வருசம் பொம்பளைங்க இந்த அழுவ அழுவுறாங்க? அவ்வளவு நல்லாவா பாடுறேன்?"

"நல்லாப் பாடுறீங்க அத்தான்."

"நெசமா?"

"நெசமா."

"அம்மா இருந்து பாத்திருக்கணும்டா" என்றார். "நாளைக்கிக் காப்ப அவுத்த கையோட போயி, கட்டில்கிட்ட உக்காந்து இதை அப்பிடியே பாடிக் காட்டணும்." கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி வெளியே போய் அழுதார்.

விடியுமுன் ஊன்றிய காமன் கம்பத்தை எரித்தார்கள். பீலியில் குளித்துக் காப்பை அவிழ்த்தார்கள். ஈரத்தலையோடு நின்ற அத்தானிடம் அப்பாவே போய், அம்மா போய்விட்டதாகச் சொன்னார். அத்தான் கூடிநின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ராத்திரி அழுகை எதற்கு என்பது அவருக்கு அப்போது விளங்கியது. அது விளங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "எப்பலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

காலைக் கோச்சியில் அப்பாவும் அத்தானும் போனார்கள். பின்னேரம் தோட்டத்து லொறியில் அத்தையைக் கொண்டுவந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் நின்றபோது அத்தானின் காதுமடலுக்குப் பின்னால் இன்னும் மஞ்சள் இருந்தது. திரும்பும்போது ஊரார் ஒருவரையும் தொடவிடாமல் நடந்தவர், என் தோளில் மட்டும் கை போட்டார். "இந்தச் சின்னப்பய ஒருத்தன்தான் எங்கிட்ட பொய் சொல்லல. பாட்டு நல்லாயிருந்துச்சுன்னான். அது நெசம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அன்று பொழுது சாய்ந்த பிறகு அப்பா என்னைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிப்போனார். தரையில் மஞ்சள் காய்ந்து கிடந்தது. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"இன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்குத்தான் உசுரு போச்சுன்னு நர்சம்மா எங்கிட்ட தனியா சொன்னாங்க. கிளாக்கர் நேத்து என்னா சொன்னாரு?"

நேற்று சொல்லவேண்டியதை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். மகனைக் கேட்டதையும், இன்றைக்கே அனுப்பச் சொன்னதையும். அவர் குந்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத அவன்கிட்ட சொல்லிராத. தாங்கமாட்டான்" என்றார். என்னைத் திட்டவே இல்லை. அந்தக் கை தன்னுடையது என்பதால் பிழை முழுவதும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். அதுவும் அவர் செய்த தவறான கணிப்பு. கையை எடுத்த பிறகு நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலாளி ஆள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் அப்பா போயிருக்கமாட்டார். அவர் மறுபடி கூத்துப் பழக்கவில்லை. ஈயத்தாள் ஒட்டியாணத்தைப் பெட்டியில் வைத்திருந்தோம். கறையான் அரித்ததும் அம்மா அடுப்பில் போட்டார். ரதி வேசம் எனக்கு ஒருபோதும் வரவில்லை. அத்தான் கல்யாணம் முடித்து, இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறிக் கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார். நான் படித்துத் தபால் கந்தோரில் சேர்ந்து, முப்பத்துநான்கு வருடம் ஊராருடைய செய்திகளை உரியவர் கையில் சேர்த்தேன். என் காலத்தில் ஒரு தந்தியும் பிந்தியதில்லை என்று ஓய்வுபெறும் நாளில் பாராட்டினார்கள். மேடையில் நான் தலை நிமிரவில்லை. அடக்கம் என்றார்கள்.

போன மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தி அத்தானின் மகளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தந்தாள். கைபேசிக்கு நூறு ரூபாய் ரீலோட் போட்டுக்கொண்டு, சொல்லிவிடுவது என்ற முடிவோடு எடுத்தேன். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்; இனிக் காப்பாற்ற யாரும் இல்லை. மகள் தொலைபேசியைக் கொடுத்தாள்.

"யாரு? மாப்ளயா?" அந்தக் குரல் மணலாகிப் போயிருந்தது.

முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள், அங்கேயும் தேயிலைதான் என்பதெல்லாம் பேசினார். இப்போதும் பாடுகிறீர்களா என்று கேட்டேன். அன்றையோடு சரி என்றார். எப்படித் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது அவரே தொடங்கினார்.

"மாப்ள, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு எங்கம்மா என்னையக் கேட்டுச்சா? மாமாவக் கேட்டேன், மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. மத்தவங்க சொல்றத நான் நம்புறதில்ல. நீ சொல்லு. நீ ஒருத்தன்தான் எங்கிட்ட பொய் சொல்லாதவன்."

அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பின்னால் ஏதோ ஒரு குழந்தை சிரித்தது.

"இல்லங்க அத்தான்" என்றேன். "தூக்கத்துலயே போயிட்டாங்கன்னுதான் தெரியும்."

"அப்ப சரி" என்றார். மறுபடியும், "அப்ப சரி மாப்ள. இனி நிம்மதியாக் கண்ண மூடுவேன்" என்றார்.

அவருக்கு இரங்கித்தான் சொன்னேனா, அறுபது வருடமாக அவர் எனக்குக் கொடுத்து வைத்திருந்த பேரை இழக்க மனமில்லாமல் சொன்னேனா என்று அன்றிலிருந்து தூக்கம் கெட்டு யோசிக்கிறேன். கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் இரண்டாவதுதான் வருகிறது.

அழைப்பைத் துண்டித்ததும் கைபேசி ஒருமுறை அதிர்ந்து, கணக்கைக் காட்டியது. எட்டு நிமிடம். அறுபத்துநான்கு ரூபாய்.